தாய்மாமன் முகம் தெரியாத காதுகுத்து ஆல்பம்

1. குரூப்பை விட்டுப் போன தம்பி

"மேடம், என் தம்பியை நீங்க என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

குரோம்பேட்டையில் என் ஸ்டுடியோ ஷட்டரை முழுசாகக்கூட அன்றைக்குத் தூக்கவில்லை, போனில் இப்படி ஒரு கேள்வி. பேசியது சுமதி டீச்சர். சிட்லப்பாக்கத்தில் இருக்கிறார், தனியார் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறார். அவருடைய ஒரு வயசுப் பெண் யாழினிக்கு மொட்டை போட்டுக் காது குத்திய விசேஷத்துக்கு நான்தான் போட்டோ எடுத்தேன். ஆல்பம் கொடுத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, குரலைக் கொஞ்சம் இனிப்பாக்கிக்கொண்டு "சொல்லுங்க டீச்சர்" என்று இழுத்திருந்தேன். அதற்குத்தான் இந்தக் கேள்வி.

"முப்பத்தாறு பக்கம் இருக்கு மேடம். ஒரு பக்கத்துலயாவது செல்வம் மூஞ்சி தெரியுதா? நேத்து வந்தான். ஆல்பத்தைப் பாத்தான். ஒண்ணுமே சொல்லாம எழுந்து போயிட்டான். வீடு போய்ச் சேர்ந்ததும் ஃபேமிலி குரூப்ல, 'கம்மலை நீங்களே போட்டுக்கோங்க, நான் வரமாட்டேன்'னு போட்டுட்டு குரூப்பை விட்டே வெளிய போயிட்டான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போனைக் காதில் வைத்தபடியே கம்ப்யூட்டரைப் போட்டு ஆல்பத்தின் ஃபைலைத் திறந்தேன். அட்டையில் யாழினி. சந்தனம் பூசிய மொட்டைத் தலை, கண்ணோரத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர், இமை முடியைக்கூட எண்ணலாம். அவளுக்குப் பின்னால் மாவு கரைத்த மாதிரி ஒரு பழுப்பு நிறம். அந்தப் பழுப்பு நிறம்தான் செல்வம். அடுத்த பக்கத்தில் அவர் கை மட்டும். அதற்கடுத்த பக்கத்தில் சட்டை பட்டன். கடைசிப் பக்கம் வரை தள்ளிப் பார்த்தேன், முகம் எங்கேயும் இல்லை.

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள், அது எல்லாருக்கும் தெரியும். இந்த வீட்டில் அதற்கு மேலேயும் ஒரு சங்கதி இருந்தது. அதை டீச்சர் அன்றைக்குத்தான் சொன்னார். நாலு வருஷத்துக்கு முன்னால் இவர்கள் ஃப்ளாட் வாங்கி கிரகப்பிரவேசம் செய்தபோது, தம்பி வீட்டுக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைக்கவில்லை. டீச்சரின் கணவர் ரவி சார் ஆபீஸ் வேலை நெருக்கடியில் போனிலேயே பத்திரிகையை அனுப்பிவிட்டார். ஊருக்கெல்லாம் அனுப்பின மாதிரி எனக்கும் ஒண்ணா என்று செல்வம் வரவில்லை. அதோடு பேச்சு நின்றுவிட்டது. குழந்தைக்குக் காது குத்த மாமன் வேண்டுமே என்று, தட்டில் பூ பழம் வெற்றிலை வைத்து, புருஷனும் பெண்டாட்டியும் மறைமலை நகர் போய் அழைத்திருக்கிறார்கள். அவரும் மனசு இறங்கி, தங்கக் கம்மல் வாங்கிக்கொண்டு வந்து மடி கொடுத்திருக்கிறார்.

"கூப்பிட்டு உக்காரவச்சு, போட்டோவுல வேணும்னே அழிக்கச் சொல்லிட்டோம்னு நினைக்கிறான் மேடம். காது ஆறினதும், குத்தினப்ப போட்ட கம்பியைக் கழட்டி அவன் கையால கம்மல் போடணும்னு இருந்தேன். அவன் வராம நான் போடமாட்டேன். என் பொண்ணு கம்பியோடவே ஸ்கூலுக்குப் போகட்டும்."

டீச்சர் அழ ஆரம்பித்தார். "நேர்ல ஒரு தடவை போய்ப் பேசிட்டு வாங்களேன் டீச்சர்" என்றேன். "ரெண்டாவது தடவையும் நாங்களே போய் நிக்கணுமான்னு இவர் கேக்கறார்" என்றார்.

"இது என் தப்பு டீச்சர். பத்து நாள் குடுங்க. உங்க தம்பி வருவார்" என்றேன். எப்படி என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை.

2. புது லென்ஸ் பவிசு

புதுசாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன் என்பதால் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இருபத்தாறு வருஷமாகக் கல்யாணம், காதுகுத்து, சஷ்டியப்தபூர்த்தி, திருப்பதி டூர் என்று படம் எடுக்கிறேன். என் படத்தில் எல்லார் முகமும் தெரியும். அது போதும் என்று இருந்தேன். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் ஃபிரெண்டு என் கேமராவை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இது ரேஷன் கார்டு போட்டோ மாதிரி இருக்கே" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த மாசமே எண்பத்தைந்து எம்எம் ப்ரைம் லென்ஸ் ஒன்று வாங்கிவிட்டேன்.

இந்த லென்ஸில் அபர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழைகிற வாயை, ஒன் பாயின்ட் ஃபோருக்கு முழுசாகத் திறந்து வைத்தால், ஃபோகஸ் வைத்த இடம் மட்டும் பளிச்சென்று வரும். அதற்கு முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் கரைந்துபோகும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. யாழினி காதுகுத்தில் அந்த லென்ஸை நான் கழற்றவே இல்லை. ஃபோகஸ் முழுக்கக் குழந்தையின் கண்ணில். கண்ணுக்கு ஒரு சாண் பின்னால் செல்வத்தின் முகம்.

வழக்கமாகக் கடைசியில் மேடையில் குடும்ப குரூப் போட்டோ எடுப்போம். அதில் எந்தக் குறையும் சரியாகிவிடும். அன்றைக்கு ஆசாரி காது குத்தியதும் குழந்தை வீறிட்டு அழுதது, டீச்சர் பால் கொடுக்க உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டார். செல்வத்துக்கு மதியம் செகண்ட் ஷிஃப்ட். கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். லீவு கொடுக்கவில்லை.

"மேடம், பாப்பாவோட ஒரு போட்டோ எடுத்துக்கவா? நான் கெளம்பணும்" என்று அவர் வந்து கேட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நான் சொன்ன பதிலும் ஞாபகம் இருக்கிறது. "நிறைய எடுத்துட்டேன் சார். எல்லாம் சூப்பரா வந்திருக்கு."

இந்த வாயை என்ன செய்வது, சொல்லுங்கள்.

3. என் முதுகு

வேறு யாராவது செல்வத்தை எடுத்திருப்பார்கள் என்றுதான் முதலில் தேடினேன். வீடியோ வேண்டாம், போட்டோ போதும் என்று அந்த வீட்டில் சொல்லியிருந்ததால் வீடியோகிராபர் கிடையாது. ஆனால் மண்டபத்தில் எல்லார் கையிலும் போன் இருந்ததே! டீச்சர் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டு, இருந்ததையெல்லாம் எனக்கு அனுப்பினார்.

பாதிப் பேர் போனில் போர்ட்ரெய்ட் மோட். அதிலும் பின்னணி கரைந்துதான் இருந்தது. மீதிப் பேர் காது குத்துகிற நேரத்தை வீடியோ எடுத்திருந்தார்கள். ஆவலாக ஒவ்வொன்றாகப் போட்டேன். எல்லாவற்றிலும் ஒரு நீலச் சுடிதார், அகலமான ஒரு முதுகு, தோளில் கேமரா பெல்ட். யாரும்மா இது, நகர மாட்டாளா என்று எரிச்சலோடு பார்த்தேன். நான்தான். முன்னால் போய் மறைத்துக்கொண்டு நின்றதே நான்தான். இரண்டு பேர் என்னைப் பார்த்து "கொஞ்சம் தள்ளுங்க மேடம்" என்று கத்துவது வீடியோவில் கேட்கிறது. நான் திரும்பக்கூட இல்லை.

ஆனாலும் விடுவதாக இல்லை. படம் எடுத்து முடித்ததும் ஃபோகஸ் தவறியது, கண் மூடியது, கை குறுக்கே வந்தது எல்லாவற்றையும் ரிஜெக்ட் என்று ஒரு ஃபோல்டரில் தள்ளிவிடுவேன். ஆல்பம் கொடுத்ததும் அதை அழித்துவிடுவது வழக்கம். சோம்பேறித்தனத்தால் இந்தத் தடவை அழிக்கவில்லை. என் சோம்பேறித்தனம் ஒரு குடும்பத்துக்கு உதவியது அதுதான் முதல் தடவை.

அந்த ஃபோல்டரில் நூற்று நாற்பது படத்துக்கு மேல் இருந்தது. ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். கிட்டத்தட்ட முடியப்போகிற நேரத்தில் ஒன்று கிடைத்தது. ஆசாரியின் கை குறுக்கே வந்ததால் ஃபோகஸ் குழந்தையை விட்டுப் பின்னால் தாவியிருக்கிறது. யாழினி வெறும் சந்தன நிறத் தீற்றல். அதனால்தான் நான் அதை யோசிக்காமல் ரிஜெக்டில் தள்ளியிருக்கிறேன். பின்னால் செல்வம் அப்படியே தெளிவாக இருந்தார். படத்தில் இன்னொன்றும் இருந்தது. அதைப் பார்த்ததும் ப்ரிண்ட் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை செங்கல்பட்டு வண்டி ஏறினேன். யாரிடமும் சொல்லவில்லை.

4. அஞ்சு தடவை ஏன்

செல்வத்தின் வீடு மறைமலை நகர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். கதவைத் திறந்தவர் என் கேமரா பையைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தார்.

"இன்னா மேடம், எங்க மாமா அனுப்சாரா?"

"யாரும் அனுப்பல சார். நானா வந்தேன். தப்பு பண்ணது நான்."

"இன்னா குடுத்தாங்க இப்டி சொல்றதுக்கு?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சார், நான் உங்ககிட்ட திட்டு வாங்கத்தான் வந்திருக்கேன். திட்டுங்க, வாங்கிக்கறேன். பொய் சொல்றேன்னு மட்டும் சொல்லாதீங்க. அஞ்சு நிமிஷம் உள்ள விடுங்க. நம்பலன்னா நானே போயிடறேன்."

அவர் மனைவி உள்ளேயிருந்து "வெயில்ல நிக்க வச்சுகினு இன்னா பேச்சு, உள்ள கூப்புடு" என்று அதட்டியதால் வழி விட்டார்.

நான் பேச்சை வளர்க்கவில்லை. மூன்று எவர்சில்வர் டம்ளர் கேட்டு வாங்கி, தரையில் ஒன்றின் பின் ஒன்றாக ஒரு சாண் இடைவெளியில் வைத்தேன். அதே லென்ஸ் மாட்டிய கேமராவை அவர் கையில் கொடுத்து, முதல் டம்ளரில் ஃபோகஸ் வைத்து எடுக்கச் சொன்னேன். எடுத்தார். திரையில் முதல் டம்ளரில் பொறித்திருந்த பெயரைப் படிக்க முடிந்தது. மூன்றாவது டம்ளர் இருக்கிற இடமே தெரியவில்லை.

அவர் முகம் மாறியது. எழுந்து போய் ஸ்டீல் ஸ்கேல் ஒன்று கொண்டுவந்தார். ஸ்கேலைத் தரையில் நீளவாக்கில் வைத்து, அதையே படம் எடுத்து, எந்தக் கோட்டிலிருந்து எந்தக் கோடு வரை தெளிவாக இருக்கிறது என்று பெரிதாக்கி எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார்.

"முப்பது மில்லிகூட இல்லியே மேடம்!"

"அவ்வளவுதான் சார்."

"பாப்பா கண்ணுலர்ந்து என் மூஞ்சி எவ்ளோ?"

"ஒரு சாண்."

"அப்ப நான் டாலரன்ஸுக்கு வெளிய பூட்டேன்." சொல்லிவிட்டு ஸ்கேலை ஓரமாக வைத்தார். பிறகு ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "எங்க கம்பெனில ஒரு ரிஜெக்‌ஷன் வந்தா அஞ்சு தடவ ஏன்னு கேப்போம். அப்பதான் ரூட் காஸ், அதான் வேர்க் காரணம், வரும். பதில் சொல்லுங்க. ஏன் என் மூஞ்சி வரல?"

"லென்ஸை முழுசா திறந்து வச்சேன்."

"ஏன்?"

"பின்னாடி இருக்கிறது கரைஞ்சு வரணும்னு."

"ஏன்?"

"இப்ப அதான் சார் ஸ்டைல்."

"இத்தினி வருஷம் அது இல்லாமதானே எடுத்தீங்க? இப்ப ஏன்?"

"என் போட்டோவைப் பாத்து ஒருத்தன் சிரிச்சான். ரோஷம்."

அவர் எழுதிக்கொண்டே வந்தார். தலையை நிமிர்த்தாமல் ஐந்தாவதைக் கேட்டார். "ரோஷம் சரி. பின்னாடி உக்காந்துகினு இருக்கறவன் யாரு, இன்னாத்துக்கு வந்துகிறான்னு ஏன் கேக்கல?"

லென்ஸ் பற்றி எத்தனை கேட்டாலும் பதில் சொல்லியிருப்பேன். இது லென்ஸ் பற்றிய கேள்வி இல்லை. அந்த மண்டபத்துக்குள் நுழைந்து, டிபன் சாப்பிட்டு, லைட் போட்டு, முந்நூறு படம் எடுத்தேன். ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கேக்கணும்னு தோணல சார்" என்றேன்.

"அதான் ரூட் காஸ்" என்று எழுதி, என்னிடம் நோட்டை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அதற்குக் கீழே, தப்பை எப்படித் திருத்துவது என்று எழுத, கரெக்டிவ் ஆக்‌ஷன் என்று தலைப்புப் போட்டு, இடத்தைக் காலியாக விட்டிருந்தார். "அது செஞ்சு காட்னப்பறம்தான் ரொப்பணும்" என்றார்.

முடிந்தது, வந்துவிடுவார் என்று நான் நினைத்தேன். அவர் நோட்டை மூடி வைத்துவிட்டு வேறு ஒன்று கேட்டார்.

"உங்க பக்கம் ஓகே மேடம். எங்க அக்கா பக்கம்? ஆல்பம் டிசைன அதுக்கு அனுப்சிதானே ப்ரிண்ட் போட்டீங்க? அது பாத்துட்டு ஓகே சொல்லிச்சில்ல? தம்பி எங்கன்னு அதுக்கு ஒரு தபா கேக்கத் தோணலியா?"

உண்மைதான். டீச்சர் ஸ்கூல் இடைவேளையில் போனில் பார்த்து, குழந்தை அழகாக இருக்கிறாள் என்று ஓகே சொல்லியிருந்தார். அதைச் சொல்லி நான் வக்காலத்து வாங்கினால் எடுபடாது. பையிலிருந்து அந்த ரிஜெக்ட் படத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அதில் செல்வம் கண் கலங்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு இருக்கிறார். அவர் கட்டைவிரல் குழந்தையின் வாயில். அவருடைய இடது தோளில் ஒரு பெண்ணின் கை. ஆதரவாக வைத்த கை இல்லை. சட்டைத் துணியைக் கொத்தாகச் சுருட்டி, விரல் முட்டி வெளுக்கப் பிடித்திருக்கிற கை. சுமதி டீச்சருடைய வளையல்.

"பாப்பா கடிச்சு ரெண்டு நாள் வெரல் வலிச்சுது" என்று முதலில் லேசாகச் சிரித்தார். பிறகு தோளைப் பார்த்தார். "அக்காவா இது? புடிச்சுகினு இருந்துதா? எனக்குத் தெரியவேயில்லியே."

"காது குத்துற நேரம் சார். யாருக்குமே தெரியல."

"சின்ன வயசுல ஆஸ்பத்திரிக்குப் போனா, ஊசி எனக்குன்னாலும் அதுக்குன்னாலும் என் சட்டையத்தான் இப்டிப் புடிச்சுக்கும்" என்றார். சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சமையலறைப் பக்கம் திரும்பி, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது, அதில் என்ன வெட்கம்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். "அக்காகிட்ட சொல்லுங்க, அடுத்த ஞாயித்துக்கிழம வரேன். நேர்ல வந்து கூப்புட வேணாம்."

5. எட்டில் வைத்தேன்

கம்மல் போடுகிற அன்றைக்கு நான் முப்பத்தைந்து எம்எம் லென்ஸ் எடுத்துக்கொண்டு போனேன். அபர்ச்சர் எட்டு, அதாவது வாயை நன்றாகச் சுருக்கி. மேலே ஒரு ஃபிளாஷ். குழந்தையின் கண்ணுக்கு முன்னாலும் பின்னாலும் தெளிவாக வருவதற்குத் தாராளமாக இடம். அதோடு என் முதுகு யாரையும் மறைக்காதபடி பக்கவாட்டில் நின்றேன்.

செல்வம் யாழினியை மடியில் வைத்து, ஆசாரி கம்பியைக் கழற்றியதும், தன் கையாலேயே கம்மலைப் போட்டுத் திருகினார். குழந்தை சிணுங்கியது, அழவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் "காட்டுங்க" என்று என் கேமராவை வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கி, "ஓகே... ஓகே... இது ரீவொர்க்" என்று பிரித்துக் கொடுத்தார். இருபத்தாறு வருஷத்தில் எந்தக் கஸ்டமரும் என்னை இப்படி வேலை வாங்கியதில்லை. வாயைத் திறக்காமல் திரும்ப எடுத்துக் கொடுத்தேன்.

டீச்சர் தம்பி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ரவி சார் மட்டும் கதவோரம் போனைப் பார்க்கிற மாதிரி நின்றிருந்தார். அவரும் செல்வமும் காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. குரூப் போட்டோவுக்கு அவரை எப்படிக் கூப்பிடுவது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தேன்.

"மாமா" என்றார் செல்வம், தலையைத் திருப்பாமல். "வாங்க. எட்டுல வச்சிகிறாங்க. பின்னாடி நின்னாகூட தெரிவீங்க."

ரவி சார் போனைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வந்தார். பின்னால் நிற்கவில்லை. செல்வத்தை ஒட்டிச் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து, "அன்னிக்கு நேர்ல வந்திருக்கணும்டா. தப்புதான்" என்றார். நான் ஷட்டரை அழுத்திவிட்டேன். அந்தப் படத்தில் ஒருத்தர்கூட கேமராவைப் பார்க்கவில்லை. செல்வம் அதை ஓகே பண்ணினார்.

ஆல்பத்தைத் திரும்பச் செய்து கொடுத்தேன். முதல் பக்கத்தில் அந்த ரிஜெக்ட் படம்தான் வேண்டும் என்று டீச்சர் ஒரே பிடிவாதம். குழந்தை ஃபோகஸில் இல்லாத படத்தை என் ஸ்டுடியோ பேரோடு முதல் பக்கத்தில் போடுவதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. போட்டேன்.

கம்மல் போட்ட அன்றைக்குக் கிளம்புமுன் செல்வம் அந்த நோட்டுத் தாளைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தார். "கரெக்டிவ் ஆக்‌ஷன் சொல்லுங்க, க்ளோஸ் பண்ணணும்" என்றார். வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அது இப்போது என் கடைச் சுவரில், லைசென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அன்றிலிருந்து என் புக்கிங் ஃபாரத்தில் தேதி, மண்டபம் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கும். இந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை? கேட்டதும் முறைப்பார்கள். "நீங்க போட்டோகிராபரா, வக்கீலா?" என்று ஒரு கல்யாணப் பெண்ணின் அப்பா கேட்டார். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பேர் வரும். வராத வீடு இதுவரைக்கும் இல்லை. அந்தப் பேரை எழுதி அடிக்கோடு போட்டுக்கொள்வேன். விசேஷத்தன்று மண்டபத்தில் நுழைந்ததும் மாலையும் மேளமும் அப்புறம்தான். நான் முதலில் தேடிப்போய் எடுப்பது அவர் முகத்தைத்தான்.